மறுத்தவரின் தடத்தில்

தென்கிழக்குப் போலந்தில், கார்பாத்திய மலையடிவாரத்தில், போப்ர்கா என்றொரு சிற்றூர். ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறுகிறது. 1854-ல் இக்னாசி வுகாசியேவிச் என்ற மருந்தாளுநர் தொடங்கிய எண்ணெய்ச் சுரங்கம் இது. உலகின் மிகப் பழைய எண்ணெய் வயல்களில் ஒன்று. இப்போது திறந்தவெளி அருங்காட்சியகம். கிணறுகளை மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் மனிதர்களே இறங்கித் தோண்டியிருக்கிறார்கள். ‘பிரானெக்’ என்று பெயர் வைத்த கிணற்றின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அடியில் கறுப்பாக ஏதோ குமிழ்விட்டுக்கொண்டிருந்தது.

நான் வந்தது எண்ணெய் பார்க்க அல்ல. இங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் க்ரோஸ்னோ நகரின் ஓரப் பகுதி பியாவோபுஜேகி. அங்கே 1905 பிப்ரவரி 6 அன்று, இந்த எண்ணெய் வயல்களை நம்பிப் பிழைத்த ஒரு குடும்பத்தில் விளாதிஸ்லாவ் கோமுல்கா பிறந்தார். அப்போது போலந்து என்ற நாடே வரைபடத்தில் கிடையாது. இந்தப் பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கலீட்சியா மாகாணம். வறுமைக்குப் பேர்போன இடம். பிழைப்புத் தேடி அமெரிக்கா போன தந்தை அங்கேயும் விடியாமல் ஊர் திரும்பி, எண்ணெய்த் தொழிலில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். மகன் பதின்மூன்று பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, பூட்டும் இரும்பும் செய்யும் பட்டறையில் தொழில் பழகி, சுத்திகரிப்பு ஆலைக்குப் போனான். பின்னாளில் போலந்தைப் பதினான்கு ஆண்டுகள் ஆண்ட மனிதரின் படிப்பு அவ்வளவுதான்.

போருக்குப் பிறகு போலந்தை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர்களில் பியெருத் மாஸ்கோவின் ஆள், கியெரெக் கடன்வாங்கி, யாருசெல்ஸ்கி இராணுவ உடைக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை உண்டு. கோமுல்கா எந்த முத்திரைக்குள்ளும் அடங்குவதில்லை. ஒரே மனிதரை இந்த நாடு தெருவில் இறங்கிக் கொண்டாடியது. அதே நாடு தெருவில் இறங்கி அவரைத் துரத்தவும் செய்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

க்ரோஸ்னோவின் சந்தைச் சதுக்கம் அழகானது. வளைவுத் தூண்கள் தாங்கும் பழைய வீடுகள், அவற்றின் நிழலில் காப்பிக் கடைகள். கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம் இது. எண்ணெய்க்கு முன்னோடியான வுகாசியேவிச்சுக்கு இங்கே சிலை உண்டு. கோமுல்காவைப் பற்றிக் கேட்டபோது கடைக்காரப் பெரியவர் தோளைக் குலுக்கினார். “எங்கள் ஊர்க்காரர்தான்” என்றார், கல்யாண வீட்டில் வேண்டாத உறவினரைப் பற்றிப் பேசும் தொனியில். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கோமுல்கா 1926-ல் தடைசெய்யப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1932-ல் வூச் நகரில் காவலர்கள் சுற்றி வளைத்தபோது தப்பி ஓட முயன்று காலில் குண்டடி பட்டார். அந்த ஊனம் கடைசிவரை நடையில் தெரிந்தது. சிறை, பிறகு மாஸ்கோவின் லெனின் பள்ளி, திரும்பி வந்ததும் 1936-ல் மறுபடி சிறை. அந்த இரண்டாவது சிறைதான் அவர் உயிரைக் காப்பாற்றியது. 1938-ல் ஸ்டாலின் போலந்துக் கம்யூனிஸ்ட் கட்சியையே கலைத்து, மாஸ்கோவில் இருந்த அதன் தலைவர்களைக் கொன்று தீர்த்தார். முதலாளித்துவப் போலந்தின் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

க்ரோஸ்னோவிலிருந்து தென்கிழக்கே மலைப்பாதையில் போனால் கொமாஞ்சா வரும். வழியெங்கும் வெங்காயக் குமிழ்க் கூரையுடன் மரத் தேவாலயங்கள். சில கிராமங்களில் தேவாலயம் நிற்கிறது; சுற்றி வீடுகள் இல்லை. பழ மரங்கள் வரிசையாக நிற்கும் புல்வெளியைப் பார்த்தால் அங்கே ஒரு காலத்தில் வேலியும் முற்றமும் இருந்தது புரியும். லெம்கோ மக்களும் உக்ரேனியர்களும் வாழ்ந்த ஊர்கள் இவை. 1947-ல் ‘விஸ்துலா நடவடிக்கை’ என்ற பெயரில் இராணுவம் சுமார் 1,40,000 பேரை இங்கிருந்து கிளப்பி, நாட்டின் மறுகோடியில், ஜெர்மனியிடமிருந்து பெற்ற மேற்கு நிலங்களில் சிதறிக் குடியேற்றியது. அந்த மேற்கு நிலங்களுக்கென்று தனி அமைச்சகம் இருந்தது. அதன் அமைச்சர், இந்த மலையடிவாரத்தில் பிறந்த கோமுல்கா. பல லட்சம் ஜெர்மானியர்களை அங்கிருந்து வெளியேற்றியதும், கிழக்கில் வீடிழந்த போலந்துக்காரர்களைக் கொண்டுவந்து நிரப்பியதும் அவர் மேற்பார்வையில்தான்.

ஆக, அவரை அப்பாவியாக நினைத்து இந்தக் கதையைத் தொடங்கக் கூடாது. 1945-ல் மாஸ்கோவில் கூட்டரசுக்கான பேச்சு நடந்தபோது, கைக்கு வந்த அதிகாரத்தை ஒருபோதும் திருப்பித் தரப்போவதில்லை என்று எதிரணியினரின் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். 1947 தேர்தலில் நடந்த மோசடியிலும் உழவர் கட்சியை நசுக்கியதிலும் அவருக்கு முழுப் பங்கு உண்டு.

ஆனால் 1948-ல் அவர் முரண்டு பிடித்தார். சோவியத் பாணியில் நிலங்களைக் கூட்டுப் பண்ணையாக்க அவசரம் வேண்டாம் என்றார். போலந்துக்குப் போலந்தின் வழி இருக்கிறது என்றார். யுகோஸ்லாவியாவின் டிட்டோ ஸ்டாலினோடு மோதிய நேரம் அது. கோமுல்காவுக்கு ‘வலதுசாரி தேசியவாதத் திரிபு’ என்று பட்டம் கட்டி, அவர் வகித்த கட்சித் தலைமைப் பதவியைப் பறித்தார்கள், பியெருத் தலைவரானார். 1951-ல் கிரினிட்சா என்ற மலைவாசத் தலத்தில் ஓய்வில் இருந்த அவரையும் அவர் மனைவியையும் இரகசியப் போலீஸ் பிடித்துப் போனது. வார்சாவுக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் அடைத்து வைத்துப் பல மாதங்கள் விசாரித்தார்கள். புடாபெஸ்டிலும் பிராகிலும் அந்த ஆண்டுகளில் அதே மாதிரிப் பிடிபட்ட தலைவர்கள் நீதிமன்றத்தில் தாங்கள் உளவாளிகள் என்று ஒப்பித்துவிட்டுத் தூக்குமேடை ஏறினார்கள். கோமுல்கா எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கே நடத்த முடியாமல் 1954 டிசம்பரில் அவரை விட வேண்டியதாயிற்று.

கொமாஞ்சாவில் காட்டின் ஓரத்தில், நாசரேத் சகோதரிகளின் மர மாடங்கள் வைத்த மடம் இருக்கிறது. போலந்துக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் கர்தினால் விஷின்ஸ்கி ஓராண்டு இங்கே காவலில் இருந்தார். கம்யூனிஸ்ட் தலைவரும் கர்தினாலும் ஒரே ஆட்சியால், ஏறத்தாழ ஒரே காலத்தில், குற்றச்சாட்டு எதுவும் நிரூபிக்கப்படாமல் அடைத்து வைக்கப்பட்டவர்கள். 1956 அக்டோபர் 28 அன்று கர்தினால் இங்கிருந்து வார்சாவுக்குத் திரும்பினார். விடுவித்தது, ஒரு வாரத்துக்கு முன் பதவிக்கு வந்த கோமுல்கா.

அந்த ஒரு வாரத்துக்கு முந்தைய கதை பொஸ்னானில் இருக்கிறது. க்ரோஸ்னோவிலிருந்து ரயிலில் மேற்கே போகும்போது ஜன்னலை விட்டு நான் கண்ணெடுக்கவில்லை. இருபுறமும் வயல்கள், கிழித்துக் காயப்போட்ட வேட்டித் துண்டுகள்போல நீள நீளமாக. ஒன்றில் கோதுமை, அடுத்ததில் உருளைக்கிழங்கு, அதற்கடுத்ததில் வெறும் புல். அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்துப் பிரித்து, சில இடங்களில் டிராக்டர் திரும்பக்கூட அகலம் போதாத வயல்கள். பொருளாதார நிபுணர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு அது வேறொரு செய்தியாகத் தெரிந்தது. எல்பே நதிக்குக் கிழக்கே, யுகோஸ்லாவியா நீங்கலாக, இப்படி உழவரின் வயல் உழவரிடமே தங்கிய கம்யூனிஸ்ட் நாடு வேறில்லை. 1956-ல் போலந்தில் சுமார் பத்தாயிரம் கூட்டுப் பண்ணைகள் இருந்தன. கோமுல்கா பதவியேற்றுக் கூட்டுப் பண்ணை கட்டாயமில்லை என்று சொன்னதுதான் தாமதம், சில மாதங்களில் அவற்றில் ஐந்தில் நான்கு கலைந்துபோயின. உழவர்கள் மாட்டையும் கலப்பையையும் வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். 1989-ல் ஆட்சி விழும்போதும் விளைநிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தனியாரிடமே இருந்தது. அரசுக்கு விளைச்சலைக் குறைந்த விலைக்கு அளந்தாக வேண்டும் என்ற கட்டாயக் கொள்முதலை மட்டும் கோமுல்கா கடைசிவரை நீக்கவில்லை. அதை நீக்கியவர் அவருக்குப் பின் வந்த கியெரெக்.

மேற்கே போகப் போக வயல்கள் அகலமாகி, பொஸ்னானை நெருங்கும்போது அடிவானம்வரை ஒரே பயிர்.

பொஸ்னான் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் மிட்ஸ்கியேவிச் சதுக்கம். அங்கே இரண்டு பிரம்மாண்டமான சிலுவைகள், கயிற்றால் சேர்த்துக் கட்டப்பட்டு நிற்கின்றன. ஒன்றின்மேல் ‘1956’. மற்றொன்றின்மேல் மேலிருந்து கீழாக 1968, 1970, 1976, 1980, 1981. போலந்து மக்கள் ஆட்சியை எதிர்த்து எழுந்த ஆண்டுகளின் பட்டியல் இது. நின்று படித்தபோது ஒன்று உறைத்தது. இந்த ஆறு ஆண்டுகளில் முதலாவது கோமுல்காவை ஆட்சிக்குக் கொண்டுவந்தது. அடுத்த இரண்டும் அவருக்கு எதிரானவை.

1956 ஜூன் 28 காலையில் செகியெல்ஸ்கி தொழிற்சாலையின் ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ரயில் பெட்டியும் இயந்திரமும் செய்யும் அந்தப் பெரிய ஆலைக்கு அப்போது ஸ்டாலின் பெயர் வைத்திருந்தார்கள். அநியாயமாகப் பிடித்த வரியும் ஏற்றிக்கொண்டே போன வேலை அளவும்தான் முதல் குறை. வார்சாவுக்குத் தூதுக்குழு அனுப்பிக் கேட்டும் பலனில்லை. நண்பகலுக்குள் இந்தச் சதுக்கத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். ரொட்டி வேண்டும் என்று தொடங்கிய முழக்கம் சுதந்திரம் வேண்டும் என்று மாறியது. கூட்டம் சிறையைத் திறந்தது; இரகசியப் போலீஸ் கட்டடத்தைச் சூழ்ந்தது. உள்ளேயிருந்து சுட்டார்கள். பிற்பகலில் டாங்கிகள் வந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் ரோமெக் ஸ்ட்ஷவ்கோவ்ஸ்கி என்ற பதின்மூன்று வயதுச் சிறுவனும் ஒருவன். மக்களாட்சிக்கு எதிராக ஓங்கும் கை வெட்டப்படும் என்று பிரதமர் சிரான்கியேவிச் வானொலியில் மிரட்டினார்.

பியெருத் அந்த மார்ச்சிலேயே மாஸ்கோவில் இறந்துவிட்டிருந்தார். ஸ்டாலினின் கொடுமைகளைக் குருஷேவ் அம்பலப்படுத்திய மாநாட்டுக்குப் போனவர் திரும்பியது சவப்பெட்டியில். கட்சிக்குள் யாருக்கும் மக்களிடம் முகம் இல்லை. சிறையில் வளையாதவர் ஒருவர் வெளியே இருக்கிறார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

வார்சாவில் கலாச்சார மாளிகை எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படுகிறது. சோவியத் நாட்டின் அன்பளிப்பு, 1955-ல் திறந்தது, 237 மீட்டர் உயரம். எதிரே அணிவகுப்புச் சதுக்கம். இன்று அதன் ஓரத்தில், 2024-ல் திறந்த நவீனக் கலை அருங்காட்சியகத்தின் வெள்ளைச் சுவர்கள். மாளிகையின் முன்னால் பழைய அணிவகுப்புக் கல்மேடை இன்னும் இருக்கிறது. நான் போனபோது அதன்மேல் ஏறிச் சறுக்குப் பலகைப் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

1956 அக்டோபர் 19 காலையில் கட்சியின் மத்தியக்குழு கோமுல்காவைத் தேர்ந்தெடுக்கக் கூடியபோது, குருஷேவ் அழையா விருந்தாளியாக விமானத்தில் வந்து இறங்கினார். அதே நேரத்தில் போலந்துக்குள் முகாமிட்டிருந்த சோவியத் டாங்கிப் படைகள் வார்சாவை நோக்கி நகரத் தொடங்கின. போலந்தின் பாதுகாப்பு அமைச்சரே ரொக்கொசோவ்ஸ்கி என்ற சோவியத் மார்ஷல். ஜெரான் கார் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் காவலுக்கு நின்றார்கள். டாங்கிகள் நிற்கும்வரை பேச்சில்லை என்பது கோமுல்காவின் நிலை. அதே மூச்சில், ஜெர்மனி பக்கத்தில் இருக்கும்வரை போலந்துக்குச் சோவியத் நட்பு தேவை, கட்சியின் பிடி தளராது என்றும் உறுதி சொன்னார். குருஷேவ் மறுநாள் திரும்பிப் போனார். 21-ந் தேதி கோமுல்கா முதன்மைச் செயலாளரானார். சில வாரங்களில் ரொக்கொசோவ்ஸ்கி மூட்டை கட்டினார்.

இந்தச் செய்தி கேட்டுத்தான் புடாபெஸ்டில் மாணவர்கள், 1848 புரட்சியில் ஹங்கேரிக்காகப் போரிட்ட போலந்துத் தளபதி பெம்மின் சிலைக்கு ஊர்வலம் போனார்கள். அங்கே கதை இரத்தத்தில் முடிந்தது.

24-ந் தேதி இந்தச் சதுக்கத்தில் மூன்று நான்கு லட்சம் பேர் கூடினார்கள். அந்த நாளின் படங்களைப் பார்த்திருக்கிறேன்: தலைகளுக்கு நடுவே தரையே தெரியாது. ஒடிசலான உடம்பும் மூக்குக்கண்ணாடியும் வழுக்கைத் தலையுமாக ஒரு மனிதர் மேடையில் நிற்கிறார். கூட்டங்களும் ஊர்வலங்களும் போதும், வேலைக்குத் திரும்புங்கள் என்று அன்றைக்கு அவர் சொன்னார். சோவியத் படை ஹங்கேரிக்குள் நுழைந்த நேரத்தில் அது விவேகமான பேச்சுதான். ஆனால் அவருடைய மீதி ஆட்சியை அறிந்துகொண்டு அந்த வாக்கியத்தைக் கேட்டால் வேறுமாதிரி ஒலிக்கிறது. மக்கள் தன்னை மேடையேற்றி முடித்ததோடு அவர்களின் வேலை தீர்ந்தது என்றே அவர் நினைத்துவிட்டார்.

மறுக்கத் தெரிந்தவர் அவர். ஸ்டாலினின் ஆட்களுக்கும் குருஷேவுக்கும் தலையாட்ட மறுத்தவர். அவருடைய நற்காரியங்கள் என்று எண்ணிப் பார்த்தால் எல்லாமே மறுப்புகள்: கூட்டுப் பண்ணைக்கு, பொய் வாக்குமூலத்துக்கு, டாங்கியின் மிரட்டலுக்கு. ஆனால் அவரிடம் ஒருவர் ‘இல்லை’ என்றால் அவருக்குக் காது அடைத்துக்கொண்டது.

முதல் அறிகுறி சீக்கிரமே வந்தது. அக்டோபரில் தொழிற்சாலைகளில் ஊழியர்கள் தாங்களாகவே தேர்ந்தெடுத்த தொழிலாளர் மன்றங்களை, 1958-ல் கட்சியும் அதிகாரபூர்வத் தொழிற்சங்கமும் உட்காரும் ஒரு மாநாட்டுக்குள் அமுக்கிக் கரைத்துவிட்டார். அக்டோபருக்கு வழி போட்ட ‘போ புரோஸ்து’ வார இதழை 1957-லேயே மூடினார். எதிர்த்துப் போராடிய மாணவர்கள்மேல் தடியடி.

வார்சாவில் நான் தங்கியது ஐந்து மாடி அடுக்ககம் ஒன்றில். வாடகைக்கு அறை கொடுத்த வயதான அம்மா சமையலறையைக் காட்டினார். ஜன்னலே இல்லை. “கோமுல்கா சமையலறை” என்று சிரித்தார். செலவைக் குறைக்க 1959-ல் அரசு வீட்டளவுக்கு விதி போட்டது: மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு 33 முதல் 38 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 400 சதுர அடி. ஜன்னலற்ற சமையலறைகளை மக்கள் ‘குருட்டுச் சமையலறை’ என்றே அழைத்தார்கள். அந்த அம்மா இந்த வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்தவர். அதற்கு முன் இருந்தது இரண்டு குடும்பம் பங்குபோட்ட ஓர் அறை. “இருட்டுதான். ஆனால் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள்ளலாம்” என்றார்.

கோமுல்காவின் சிக்கனத்தைப் பற்றி அவருக்குத் தெரியாத கதை இல்லை. சிகரெட்டை இரண்டாக வெட்டி ஒரு குழலில் செருகிப் புகைப்பாராம். எலுமிச்சம்பழத்துக்கு எதற்கு அந்நியச் செலாவணி, புளித்த முட்டைக்கோசிலேயே அந்த வைட்டமின் இருக்கிறதே என்பாராம். உண்மையோ கட்டியதோ, ஒரு நாடே அவரை எப்படிப் பார்த்தது என்பது இவற்றில் இருக்கிறது. தனக்கென்று எதையும் சேர்க்காத மனிதர். தனக்குப் போதுமானது எல்லோருக்கும் போதும் என்று கணக்குப் போட்ட மனிதர்.

மறுநாள் கிராகோவ்ஸ்கியே புஷெட்மீஷ்ச்சே வீதியில் நடந்தேன். ஒரே வீதியில் மிட்ஸ்கியேவிச்சின் சிலையும் பல்கலைக்கழகத்தின் வாயிலும் இருக்கின்றன. 1968 ஜனவரியில் தேசிய அரங்கில் நடந்த மிட்ஸ்கியேவிச்சின் ‘ஜியாடி’ (முன்னோர்) நாடகத்தை ஆட்சி நிறுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜார் ஆட்சியைத் தாக்கும் வசனங்களுக்கு மக்கள் பலமாகக் கைதட்டியதுதான் காரணம். கடைசிக் காட்சி முடிந்ததும் மாணவர்கள் சிலைக்கு ஊர்வலம் போனார்கள். மார்ச் 8 அன்று பல்கலைக்கழக முற்றத்தில் கூடியவர்களைத் தடிகள் அடித்துத் துவைத்தன.

அதைவிடக் கேவலமானது தொடர்ந்து வந்தது. கலவரத்துக்குப் பின்னால் ‘சியோனிஸ்டுகள்’ என்று பத்திரிகைகள் விரல் நீட்டின. கட்சிக்குள் உள்துறை அமைச்சர் மோச்சாரின் கோஷ்டி அந்தத் தீயை ஊதியது. கோமுல்கா அதை அணைக்கவில்லை. யூதக் குடிமக்களில் யார் போலந்துக்கு விசுவாசமானவர், யார் இஸ்ரேலுக்கு விசுவாசமானவர் என்று வகை பிரித்து மார்ச் 19 அன்று பேசினார். அவர் மனைவியே யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வேலையிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் விரட்டப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 13,000 பேர் நாட்டை விட்டுப் போனார்கள். குடியுரிமையை விட்டுக்கொடுத்தால் ஒரு பயண ஆவணம் கிடைக்கும். இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்ல என்று அதில் இருக்கும்.

அவர்களில் பலர் ரயிலேறியது வார்சா க்தான்ஸ்க் நிலையத்தில். நகரின் வடக்கே, ஆரவாரமில்லாத நிலையம். சுவரில் ஒரு நினைவுப் பலகை. நாஜிகளின் இன அழிப்பில் பிழைத்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும், போருக்குப் பின் சோஷலிசப் போலந்தைக் கட்ட உழைத்தவர்களும் இந்த நடைமேடையிலிருந்து வியன்னாவுக்குப் போனார்கள் என்பதை நினைத்தால், கோமுல்காவுக்குச் சாதகமாகச் சொல்லச் சேர்த்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் எடை குறைந்து போகின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்த படைகளில் போலந்துப் படையும் இருந்தது. தன் தலைநகரை நோக்கி டாங்கி வரக்கூடாது என்று மறுத்தவர், பிராகை நோக்கி டாங்கி அனுப்பினார்.

அவருடைய வாழ்நாள் வெற்றியும் வார்சாவில்தான் நடந்தது. 1970 டிசம்பர் 7 அன்று மேற்கு ஜெர்மனியின் தலைவர் வில்லி பிராண்ட், ஓடர்–நைசே எல்லையை ஏற்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ஜெர்மனி என்றைக்காவது அந்த நிலங்களைத் திரும்பக் கேட்கும் என்ற அச்சம் போருக்குப் பிந்தைய போலந்தின் அடிவயிற்றில் கிடந்தது. அதைப் போக்கியது சாதாரணச் சாதனை அல்ல. அன்று பிராண்ட் யூதர் சேரிப் போராளிகளின் நினைவுச்சின்னத்தின் முன் முழந்தாளிட்ட படம் உலகத்துக்கே தெரியும். உடன்படிக்கையில் எதிர்ப்பக்கம் நின்றவர்களின் முகம் யாருக்கும் நினைவில்லை.

ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 12 சனிக்கிழமை மாலை, வானொலி விலையேற்றத்தை அறிவித்தது. இறைச்சி மட்டும் சராசரியாக 17 சதவீதத்துக்கு மேல். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. குடும்பங்கள் பண்டிகைக்குப் பொருள் வாங்கும் நேரம். பொருளாதாரக் கணக்குப்படி அந்த ஏற்றத்துக்கு நியாயம் இருந்திருக்கலாம். அறிவிக்கும் நாளை யாரிடமும் கேட்க வேண்டும் என்று தோன்றாததில்தான் பதினான்கு ஆண்டு ஆட்சியின் குணம் தெரிகிறது.

பால்டிக் கடற்கரையில் க்தான்ஸ்க்கும் க்தீனியாவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இடையே ஓடுவது மஞ்சளும் நீலமும் பூசிய உள்ளூர் ரயில். க்தீனியா கப்பல் தளத்துக்கென்று ஒரு நிறுத்தம் உண்டு. இறங்கிப் பாலத்தில் ஏறினால் கிரேன்கள் தெரியும். கீழே ஒரு நினைவுச்சின்னம்: ‘1970’ என்ற எண்கள், நடுவில் ஏழுக்குப் பதிலாகச் சரிந்து விழும் ஒரு மனித உருவம்.

டிசம்பர் 14 அன்று க்தான்ஸ்க் கப்பல் தளத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி நகருக்குள் ஊர்வலம் போனார்கள். மறுநாள் கட்சி அலுவலகம் எரிந்தது. வார்சாவில் கோமுல்கா துப்பாக்கியைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தார். 16-ந் தேதி மாலை துணைப் பிரதமர் கொச்சியோவெக் உள்ளூர்த் தொலைக்காட்சியில் தோன்றி, எல்லோரும் வேலைக்குத் திரும்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதை நம்பி 17-ந் தேதி விடியற்காலை இருட்டில், இந்த க்தீனியா நிறுத்தத்தில் ரயிலிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். ஆனால் தளத்தை மூடச் சொல்லி இராணுவத்துக்கு உத்தரவு வந்திருந்தது. முன்னால் படை வழிமறித்து நிற்க, பின்னால் அடுத்தடுத்த ரயிலில் வந்தவர்கள் தள்ளினார்கள். சுட்டார்கள். வேலைக்குப் போனவர்களைச் சுட்டார்கள். அன்று இறந்த பதினெட்டு வயது ஸ்பிக்னியெவ் கோத்லெவ்ஸ்கியின் உடலை ஒரு கதவின்மேல் கிடத்தி ஷ்வியெந்தோயான்ஸ்கா வீதி வழியாகத் தூக்கிப் போனார்கள். அந்தப் படம் போலந்தில் பார்க்காதவர் இல்லை. க்தீனியா, க்தான்ஸ்க், ஷ்செசின், எல்ப்லாங் நகரங்களில் மொத்தம் 45 பேர் இறந்ததாகக் கணக்கு.

உடல் குலைந்து மருத்துவமனையில் கிடந்த கோமுல்காவிடமிருந்து டிசம்பர் 20 அன்று பதவி போய்விட்டது. கியெரெக் வந்தார். ஜெர்மனியோடு உடன்படிக்கை முடிந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது.

அதன்பின் அவர் வார்சாவில் ஓய்வூதியக்காரராகப் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தார். 1982 செப்டம்பர் 1 அன்று இறந்து, பொவாஸ்கி இராணுவக் கல்லறையில் புதைக்கப்பட்டார். அவரைச் சிறையிட்ட பியெருத்தும் அங்கேதான் இருக்கிறார். 1970-ல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த யாருசெல்ஸ்கியும் பின்னாளில் அங்கே வந்து சேர்ந்தார். கோமுல்கா இறந்தபோது, அதே யாருசெல்ஸ்கி அறிவித்த இராணுவச் சட்டத்தின் கீழ் நாடு இருந்தது.

க்தான்ஸ்க் கப்பல் தளத்தின் இரண்டாம் எண் வாயிலுக்கு முன் 42 மீட்டர் உயரத்தில் மூன்று உருக்குச் சிலுவைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம். 1970-ல் இறந்தவர்களுக்கான சின்னம். 1980 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, இந்தச் சின்னத்தை எழுப்ப அனுமதிக்க வேண்டும் என்பது தொழிலாளர்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று. அந்த டிசம்பரிலேயே அதைத் திறந்தும் விட்டார்கள். கோமுல்கா அப்போது உயிரோடு இருந்தார்.

பக்கத்தில் துருநிறச் சுவர்களோடு ஐரோப்பிய ஒற்றுமை மையம். உள்ளே பார்க்கும்போது 1980-க்கும் 1970-க்கும் உள்ள ஒரு வேறுபாடு மனதில் தைத்தது. 1970-ல் தொழிலாளர்கள் தெருவுக்குப் போனார்கள், கட்சி அலுவலகத்தைக் கொளுத்தினார்கள், தெருவில் சுடப்பட்டார்கள். பத்தாண்டு கழித்து அவர்கள் வாயிலைத் தாண்டவே இல்லை. உள்ளிருந்து கதவைப் பூட்டிக்கொண்டு, தளத்துக்குள்ளேயே தூங்கி, பேச வேண்டுமானால் நீங்கள் இங்கே வாருங்கள் என்றார்கள். 1970-ன் வேலைநிறுத்தக் குழுவில் இருந்த மின்பணியாளர் லெக் வலேசாதான் இப்போது தலைவர். கட்சிக் கமிட்டிகளைக் கொளுத்தாதீர்கள், சொந்தக் கமிட்டிகளை அமையுங்கள் என்று அவர்களுக்கு அறிவுரை சொன்ன யாட்செக் குரோன், கோமுல்காவின் ஆட்சியில் சிறை கண்டவர். ஆகஸ்ட் 31 அன்று துணைப் பிரதமர் யாகியெல்ஸ்கி கப்பல் தளத்துக்கே வந்து, தொழிலாளர்கள் தாங்களே அமைக்கும் சுதந்திரத் தொழிற்சங்கத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒப்பந்தத்தின் சாரத்தைப் படிக்கும்போது, 1956-ல் தொழிற்சாலைகளில் தானாக முளைத்த மன்றங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. தொழிலாளிக்குத் தன் ஆலையில் பேச ஓர் இடம். அவ்வளவுதான் அன்றைக்கும் கேட்டார்கள். கேட்டது, எண்ணெய் ஆலையில் இரும்படித்துத் தொழிற்சங்கத்தில் வளர்ந்த ஒருவரிடம். அவர்மேல் மக்களுக்கு நம்பிக்கை இருந்தது, மாஸ்கோவும் பின்வாங்கியிருந்தது, நாடே பொறுத்திருக்கத் தயாராக இருந்தது. போலந்தில் அவருக்கு முன்னும் பின்னும் எந்தக் கம்யூனிஸ்ட் தலைவருக்கும் வாய்க்காத நேரம் அது. கூட்டுப் பண்ணையை மறுத்து உழவரை அவரவர் நிலத்தில் விட்டதைப் போல, தொழிலாளரை அவர்கள் மன்றத்தில் விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. அந்த இடத்தைத் தொழிலாளர்கள் தாங்களாகவே எடுத்துக்கொள்ள இருபத்து நான்கு ஆண்டுகளும் கடற்கரை நகரங்களில் 45 உயிர்களும் தேவைப்பட்டன. அவரைத் தோல்வியுற்ற தலைவர் என்று நான் சொல்வது இதனால்தான். வறுமையான ஆட்சி, இருண்ட சமையலறை என்பதற்காக அல்ல.